ஆறு அங்குலமும் பதின்மூன்று அங்குலமும்

மின்மைத் திரை கொண்ட வாசிப்புக் கருவிகள் பல அளவுகளில் வருகின்றன. ஒரு முனையில் பெரிய சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் 6 அங்குலக் கருவி, மறுமுனையில் ஏ4 தாளை அதிகம் சுருக்காமல் காட்டும் 13.3 அங்குலக் கருவி. இடையில் 7, 7.8, 10.3 என்று அளவுகள் உண்டு. இந்த அங்குலக் கணக்கு திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை அளந்த நீளம் என்பதால் பார்ப்பவரை ஏமாற்றக்கூடியது. 6இலிருந்து 13.3க்குப் போகும்போது நீளம் இரண்டு மடங்கு சொச்சம்தான் கூடுகிறது. பரப்போ ஏறத்தாழ 110 சதுர சென்ரிமீற்றரிலிருந்து 550க்கு, அதாவது ஐந்து மடங்காக விரிகிறது. வாசகருக்குக் கிடைக்கும் இடம் அந்த அளவுக்குப் பெருகுகிறது. உடையக்கூடிய பரப்பும் அதே அளவுக்குப் பெருகுகிறது.

இக்கருவிகள் பற்றிய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை உலர்ந்த அறையிலும் நிலையான மேசையிலும் செய்யப்படுபவை. கினிகத்தேனை போன்ற ஊரில் வைத்துப் பார்த்தால் கணக்கு வேறாகும். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியில், கித்துல்கலையைத் தாண்டி மலை தொடங்கும் இடத்தில் இருக்கும் ஊர் இது. மேற்குச் சரிவில் இருப்பதால் தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் ஈரம் பெருமளவில் இங்கே இறங்குகிறது. மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் கினிகத்தேனையின் சராசரி மழை 3267 மில்லிமீற்றர். பக்கத்திலுள்ள வட்டவளையில் 3252, நோர்ட்டன்பிரிட்ஜில் 3121. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் இரண்டு மடங்குக்கு மேல் இங்கே ஐந்தே மாதங்களில் கொட்டிவிடுகிறது. தேயிலைக்கு இது வரம். காகிதத்துக்கும் மின்னணுக் கருவிக்கும் அப்படியல்ல.

மின்மைத் திரையின் பலமும் பலவீனமும் அது கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கின்றன. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும், அங்கே மாணவர்களாக இருந்த பாரட் கொமிஸ்கி, ஜே.டி. அல்பர்ட் ஆகியோரும் இம்முறையை உருவாக்கினர். 1997இல் ஈ இங்க் நிறுவனம் தொடங்கியது. தலைமுடியின் தடிப்பளவே உள்ள நுண்குமிழ்கள் இலட்சக்கணக்கில் ஒரு படலமாகப் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கும். பின்னாலுள்ள மின்வாயின் குறி மாறும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு பக்கத்தைக் காட்டிக்கொண்டே இருப்பதற்குத் திரை மின்சாரம் கேட்பதில்லை, பக்கத்தை மாற்றும்போதுதான் கேட்கிறது. 2004இல் ஜப்பானில் வெளிவந்த சோனி லிப்ரியேயும், 2007 நவம்பரில் வந்த அமேசானின் முதல் கிண்டிலும் 6 அங்குலத் திரையுடன் வந்தவையே. அந்த அளவு இன்றுவரை இத்துறையின் அடிப்படை அளவாக நிலைத்துவிட்டது.

மைப் படலம் ஒட்டப்பட்டிருக்கும் மேல்தாள் பிளாஸ்ரிக்கால் ஆனது. அது வளையும், எளிதில் உடையாது. ஆனால் அதற்குக் கீழே, ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே இயக்கும் நுண் திரான்சிஸ்டர்கள் ஒரு தகட்டின் மீது அச்சிடப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான கருவிகளில் இந்தத் தகடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள கண்ணாடி. மின்மைக் கருவி உடைந்தது என்றால் அநேகமாக இந்தக் கண்ணாடிதான் உடைந்திருக்கும். துணியில் சுற்றிய அப்பளம் போல, உள்ளே நொறுங்கினாலும் வெளியே தடவிப் பார்க்கும் கைக்கு ஒன்றும் தெரியாது. திரையைத் தட்டி எழுப்பும்போதுதான் பாதிப் பக்கம் புதிதாகவும் மீதிப் பாதி பழைய பக்கத்திலேயே உறைந்தும் காணப்படும். மின்சாரமின்றிப் படம் நிலைக்கும் குணத்தால், உடைந்த கருவி தன் கடைசிப் பக்கத்தின் துண்டுகளை ஆண்டுக்கணக்கில் காட்டிக்கொண்டிருக்கும்.

திரை பெரிதாகும்போது இந்தக் கண்ணாடிக்கு என்ன நேர்கிறது என்பது பொறியியலில் நன்கு அறிந்த கணக்கு. ஒரே தடிப்புள்ள தகட்டின் மீது ஒரே அழுத்தம் பரவலாக விழுந்தால், அதில் எழும் வளைவுத் தகைப்பு தகட்டின் பக்க நீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். நடுப்பகுதி தாழும் அளவு அந்த நீளத்தின் நான்காம் அடுக்குக்கேற்பக் கூடும். 10.3 அங்குலத் திரை 6 அங்குலத் திரையைவிட நீளத்தில் 1.7 மடங்கே பெரிது. தகைப்போ ஏறத்தாழ மூன்று மடங்கு, தாழ்வு எட்டு மடங்குக்கு மேல். ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்த பையின் மீது பக்கத்தில் இருப்பவர் சாய்வதும், புத்தகப் பைக்குள் சோற்றுப் பெட்டி கருவியை அழுத்துவதும் இத்தகைய அழுத்தங்கள்தான். 6 அங்குலக் கருவி தாங்கிக்கொள்ளும் சுமை பெரிய கருவியை முறித்துவிடக் காரணம் இது. பெரிய கருவியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்குவதும் கூடாத பழக்கம், தன் எடையாலேயே அது முறுக்கப்படுகிறது.

கண்ணாடிக்கே உரிய இன்னொரு குணமும் பெரிய திரைக்கு எதிராக நிற்கிறது. ஆங்கிலேயப் பொறியியலாளர் ஏ.ஏ. கிரிபித் 1921இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி தன் கோட்பாட்டு வலிமையைவிடப் பல மடங்கு குறைந்த விசையிலேயே உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் என்று காட்டினார். முறிவு அத்தகைய கீறல் ஒன்றின் முனையில்தான் தொடங்கும். பரப்பு ஐந்து மடங்கானால், ஆபத்தான கீறல் ஒன்று எங்காவது இருப்பதற்கான வாய்ப்பும் அதற்கேற்பக் கூடும்.

விழும்போது படும் அடியிலும் வேறுபாடு உண்டு. 2022இல் வந்த அடிப்படைக் கிண்டிலின் எடை 158 கிராம். அதே ஆண்டில் வந்த 10.2 அங்குல கிண்டில் ஸ்கிரைப் 433 கிராம். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் முதலாவது தரையைத் தொடும்போது 1.5 யூல் ஆற்றலையும் இரண்டாவது 4.2 யூல் ஆற்றலையும் கொண்டிருக்கும். தயாரிப்பாளர்கள் பெரிய கருவிகளுக்கு அலுமினியப் பின்தகடு வைத்து வளைவைக் குறைக்கிறார்கள். அதனால் எடை கூடுகிறது, எடை கூடினால் விழும்போது அடியும் கூடுகிறது.

சிறியது என்பதற்காக 6 அங்குலம் அழியாதது என்று எண்ணிவிட முடியாது. இதற்கு ஒரு பெரிய சான்று ஆபிரிக்காவில் கிடைத்தது. வேர்ல்ட்ரீடர் என்ற தொண்டு நிறுவனம் 2010இல் கானாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு 6 அங்குலக் கிண்டில் கருவிகளைக் கொடுத்துப் பரீட்சித்தது. பிள்ளைகள் ஆர்வமாக வாசித்தார்கள். ஆனால் திட்டத்தின் முதல் கட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு கருவிகள் உடைந்துபோயின. உடைந்தவற்றில் பிரதானம் திரைதான். வீட்டில் ஒரே ஆள் கவனமாகப் பயன்படுத்தும் கருவியின் ஆயுளை வைத்து, பாடசாலையில் பல கை மாறும் கருவியின் ஆயுளைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. மலையகத்துப் பாடசாலைகளுக்கு இத்தகைய கருவிகளை அன்பளிப்புச் செய்ய நினைப்போர் கருவியின் விலையோடு உறையின் விலையையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். கெட்டியான மூடியுள்ள உறை திரை மீது விழும் அழுத்தத்தை விளிம்புகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. துணிப்பை அதைச் செய்யாது.

கண்ணாடியை நீக்கிவிட்டால் இந்தக் கணக்குகள் பெரும்பாலும் தலைகீழாகும். திரான்சிஸ்டர்களைப் பிளாஸ்ரிக் தகட்டில் அமைக்கும் மோபியஸ் என்ற திரையை ஈ இங்க் நிறுவனம் சோனியுடன் சேர்ந்து உருவாக்கியது. சோனியின் டி.பி.ரி.-எஸ்1 என்ற 13.3 அங்குலக் கருவி அதைக் கொண்டு வந்தது, எடை 358 கிராம். 2017இல் வந்த அதன் அடுத்த வடிவமான ஆர்.பி.1 349 கிராம்தான். 10.2 அங்குலக் கண்ணாடித் திரையுள்ள ஸ்கிரைப்பைவிட 13.3 அங்குலப் பிளாஸ்ரிக் திரையுள்ள சோனி இலேசானது. கோபோ நிறுவனம் 2018இல் வெளியிட்ட 8 அங்குல போர்மாவிலும் இதே வகைத் திரை இருந்தது, எடை 197 கிராம். எனவே பெரிய கருவி சீக்கிரம் உடையும் என்ற பொதுவான கருத்து பாதிதான் சரி. அளவைவிட அடித்தகட்டின் பொருளே ஆயுளைத் தீர்மானிக்கிறது. பிளாஸ்ரிக் திரைக்கும் குறைகள் உண்டு. கூர்மையான பொருள் குத்தினால் மைப் படலம் நிரந்தரமாக வடுப்படும், விலையும் அதிகம். சோனி டி.பி.ரி.-எஸ்1 அமெரிக்காவில் 1100 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அந்தப் பணத்துக்குச் சாதாரண 6 அங்குலக் கருவிகள் பத்துக்கு மேல் வாங்கலாம்.

அடுத்தது நீர். கருவிகள் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60529ஆம் நியமம் வகுக்கிறது. கோபோ 2014இல் வெளியிட்ட ஓரா எச்2ஓ கருவியோடு நீர்காப்பு இந்தத் துறையில் கவனம் பெற்றது. 2018க்குப் பிந்திய கிண்டில் பேப்பர்வைட் வகைகள் ஐ.பி.எக்ஸ்.8 தரத்தில், இரண்டு மீற்றர் ஆழ நன்னீரில் ஒரு மணி நேரம் தாங்கக்கூடியவை. நன்னீர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சீனி போட்ட தேநீரும் சவர்க்கார நீரும் அந்தச் சோதனையில் இல்லை.

கினிகத்தேனையில் கருவி ஆற்றில் விழும் வாய்ப்பு குறைவு. மாதக்கணக்கில் காற்றிலேயே நிற்கும் ஈரம்தான் மெதுவாகக் கொல்லும் எதிரி. நுண்குமிழ்ப் படலம் ஈரப்பதத்தால் பாதிக்கப்படக்கூடியது என்பதால் அதன் விளிம்புகளைத் தயாரிப்பாளர்கள் பசையால் அடைத்துவிடுகிறார்கள். அந்த அடைப்பு கருவி விழுவதாலோ முறுக்கப்படுவதாலோ பிளந்தால், ஓரத்திலிருந்து திரை மங்கத் தொடங்கும். மின்னேற்றும் துளை இன்னொரு பலவீனமான இடம். ஈரத்தோடு கம்பியைச் செருகினால் அதன் உலோக முனைகள் அரித்துவிடும். லயன் வீடுகளில் தகரக் கூரைக்குக் கீழே இரவுக் குளிரும் அடுப்புச் சூடும் மாறி மாறி வருவதால், குளிர்ந்த கருவியின் மீது நீராவி படிவதும் நடக்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வைப்பதே மலிவான காப்பு. அடுப்புக்கு மேலே கொழுக்கியில் தொங்கவிட்டு உலர்த்துவது பற்றரிக்கும் பசைக்கும் கேடு.

மழைத்துளி பட்டால் தொடுதிரை அதை விரல் என்று எடுத்துக்கொண்டு தானாகப் பக்கம் புரட்டும். கோபோ லிப்ரா போன்ற 7 அங்குலக் கருவிகளில் பக்கம் திருப்பப் பொத்தான் இருப்பது பஸ் தரிப்பிடத்தில் நின்று வாசிப்பவருக்கு உண்மையான வசதி.

நீர்காப்பில் சிறிய கருவிகளின் கை ஓங்கியே இருக்கிறது. கிண்டில் ஸ்கிரைப், ரீமார்க்கபிள் 2, கோபோ எலிப்சா, சோனியின் டி.பி.ரி. வரிசை ஆகிய பெரிய கருவிகள் எதற்கும் நீர்காப்புத் தரம் தரப்படவில்லை. அலுவலக மேசைக்கு என்று வடிவமைக்கப்பட்டவை என்பது வெளிப்படை. மறுபக்கம், நீர்காப்புக்காகப் பசையிட்டு மூடிய கருவியைத் திறந்து பற்றரி மாற்றுவது கடினம். 2024இல் கோபோ தன் புதிய கருவிகளுக்கு ஐஃபிக்ஸிட் நிறுவனத்தின் வழியாக உதிரிப்பாகங்களும் பழுதுபார்க்கும் வழிகாட்டிகளும் கிடைக்கச் செய்தது நல்ல தொடக்கம். திரை உடைந்தால் மட்டும் எந்த அளவுக் கருவியிலும் பழுதுபார்ப்பது இலாபமில்லை. கருவியின் விலையில் பெரும்பங்கு திரையின் விலையே.

பற்றரி பற்றிய விளம்பரங்களை நிதானமாக வாசிக்க வேண்டும். அடிப்படைக் கிண்டில் ஆறு வாரம் தாங்கும் என்று அமேசான் சொல்வது நாளுக்கு அரை மணி நேர வாசிப்பை வைத்து. கூட்டிப் பார்த்தால் 21 மணி நேரம். ஸ்கிரைப்புக்கு அதே கணக்கில் 12 வாரம், அதாவது 42 மணி நேரம். பெரிய உடலுக்குள் பெரிய பற்றரி வைக்க இடம் உண்டு என்பதால் இந்த ஒன்றில் பெரியது வெல்கிறது. ஆனால் பேனாவால் எழுதத் தொடங்கினால் 12 வாரம் 3 வாரமாகச் சுருங்கிவிடும். எப்படிப் பார்த்தாலும் கைபேசியைவிட இது மேல். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. 1950இலிருந்து மின்சாரம் உற்பத்தி செய்யும் லக்சபான மின் நிலையத்துக்கு அருகில் இருந்தும் கினிகத்தேனைப் பக்கத்து வீடுகளுக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. அத்தகைய நாளில் முன்விளக்குள்ள சிறு கருவி குப்பி விளக்கின் வேலையையும் சேர்த்துச் செய்யும்.

லித்தியம் அயன் பற்றரி சில நூறு முறை முழுமையாக மின்னேற்றிய பின் தளரத் தொடங்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் ஓர் ஆண்டில் 17 முறைதான் ஆகிறது. இங்கே பற்றரியைக் கொல்வது பயன்பாட்டைவிட முதுமையே. முழுவதும் தீர்ந்த நிலையில் பல மாதம் அலமாரியில் கிடப்பது அதைவிட மோசம். பாடசாலை விடுமுறைக்கு முன் கருவிகளைப் பாதியளவு மின்னேற்றி வைப்பது நல்லது.

இனி பயன். இதில் தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஆங்கில வாசகருக்கு இன்று வேண்டிய நூல் பெரும்பாலும் இபப் போன்ற நெகிழ்வடிவத்தில் கிடைக்கிறது. அந்த வடிவத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். தமிழில் அத்தகைய நூல்கள் மெல்லத்தான் வந்தன. தொடக்ககாலக் கருவிகளில் தமிழ் ஒருங்குறி எழுத்து ஒழுங்காகத் தெரியாது. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும், அல்லது பெட்டி பெட்டியாக வரும். இதைச் சமாளிக்க ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்ற இணையத் தளத்தின் தன்னார்வலர்கள் ஒவ்வொரு நூலையும் இபப், மோபி, ஏ4 பி.டி.எஃப். ஆகியவற்றோடு 6 அங்குல பி.டி.எஃப். என்ற தனி வடிவத்திலும் வெளியிட்டார்கள். பக்கத்தையே 6 அங்குலத் திரையின் அளவுக்கு வெட்டி, எழுத்துருவை உள்ளே புதைத்துவிடும் எளிய தந்திரம் அது. அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சியின் நூல்களும் எழுத்து வடிவில் கிடைக்கின்றன. நாவல், சிறுகதை, சங்க இலக்கியம் என்று இவற்றோடு நிற்பவருக்கு 6 அங்குலமே போதும். சிறிய திரையில் வரிக்கு நான்கைந்து தமிழ்ச் சொற்களே அடங்கும். இரு ஓரமும் நேராக அடுக்கினால் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்தால் அந்தத் தொல்லை தீரும்.

மலையகத்தைப் பற்றி வாசிக்க விரும்புபவருக்கு நிலைமை வேறு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் பெருமளவில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கடைகளில் கிடைக்காத மலையக நூல்கள் பலவற்றுக்கு அதுவே கைக்கெட்டும் வாசல். ஆனால் அவை பெரும்பாலும் பக்கங்களைப் படமாக எடுத்த பி.டி.எஃப். கோப்புகள். படத்தில் வரி மடங்காது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும், க.பொ.த. சாதாரண தர, உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களும் பி.டி.எஃப். வடிவில்தான் கைமாறுகின்றன.

எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏ4 பக்கத்தில் 10 புள்ளி அளவில் அச்சான எழுத்து 6 அங்குலத் திரையில் முழுப்பக்கமாகக் காட்டப்படும்போது 4 புள்ளியாகிவிடும். 10.3 அங்குலத்தில் 7 புள்ளி, 13.3 அங்குலத்தில் 9 புள்ளி. நான்கு புள்ளி எழுத்துக்கு, அங்குலத்துக்கு 167 படப்புள்ளிகள் கொண்ட பழைய திரையில் உயரம் 9 படப்புள்ளிகள்தான். அதில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வேறுபாடு தெரியாது. 300 படப்புள்ளித் திரையில் 17 கிடைக்கும். எழுத்து தெளியும், கண் நோகும். வினாத்தாளில் மின்சுற்றுப் படமும் வரைபும் இருக்குமானால் 6 அங்குலத்தை மறந்துவிடலாம்.

பழைய மலையக நூல்களில் பெரும்பாலானவை ஏ4 அல்ல, ஏறத்தாழ எட்டரை அங்குல உயரமுள்ள டெமி அளவு. ஓரங்களை வெட்டி எழுத்துப் பகுதியை மட்டும் காட்டினால் 10 புள்ளி எழுத்து 6 அங்குலத் திரையில் 7 புள்ளியாகவும் 7.8 அங்குலத் திரையில் 9 புள்ளிக்கு மேலாகவும் வரும். 7.8 அங்குலம் என்ற, விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத இந்த அளவு, நூலகம் கோப்புகளை வாசிக்கும் தமிழருக்கென்றே அளந்து செய்ததுபோல் பொருந்துகிறது. 6 அங்குலம் மட்டுமே கையில் இருந்தால் கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பி ஒரு பக்கத்தை இரண்டு மூன்று துண்டாக வாசிக்கலாம். கோரீடர் என்ற கட்டற்ற செயலி, படத்திலுள்ள சொற்களைத் தனித்தனியே வெட்டி வரிகளை மறுபடி அடுக்கித் தரும். சுத்தமான அச்சில் இது வியக்கத்தக்க வகையில் வேலை செய்கிறது. மங்கிய ஈய அச்சில் புள்ளிகளும் விசிறிகளும் தொலையும். மஞ்சளித்த தாளை அப்படியே படமெடுத்த கோப்பு, 16 சாம்பல் நிறங்களே காட்டும் திரையில் இருண்டு தெரியும் என்பதால் மாறுபாட்டைக் கூட்டி வைக்க வேண்டும்.

பத்திரிகைகளுக்கு எந்தக் கருவியும் போதாது. 1930இல் தொடங்கிய வீரகேசரி போன்ற அகலத்தாள் நாளேட்டின் பக்கம் 13.3 அங்குலத் திரையிலும் பாதிக்கும் கீழாகச் சுருங்கும். அதற்குக் கணினித் திரையே சரி. நிறம் காட்டும் மின்மைத் திரைகள் வரைபடங்களுக்கு உதவும். ஆயினும் நிற வடிகட்டியால் திரை சற்று இருண்டும் நிறப் பகுதிகள் துல்லியம் குறைந்தும் தோன்றுவதால், எழுத்தை மட்டும் வாசிப்பவருக்கு அதனால் இலாபம் இல்லை.

பெரிய கருவிகளின் வரலாற்றில் உடைந்தவை கருவிகள் மட்டுமல்ல. நெதர்லாந்தின் ஐரெக்ஸ் நிறுவனம் 2008இல் 10.2 அங்குலக் கருவியை வெளியிட்டு 2010இல் நொடித்துப்போனது. பிளாஸ்ரிக் லொஜிக் நிறுவனம் 2010 ஜனவரியில் காட்சிக்கு வைத்த 10.7 அங்குல கியூ, அதே ஆண்டில் விற்பனைக்கு வராமலே கைவிடப்பட்டது. 11.5 அங்குல ஸ்கிஃப் கருவியும் கடைக்கு வரவில்லை. அமேசான் 2009இல் 9.7 அங்குல கிண்டில் டி.எக்ஸ். கருவியைப் பாடநூல்களுக்கென்று கொண்டுவந்து பிரின்ஸ்டன் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் பரீட்சித்தது. பக்கம் விட்டுப் பக்கம் தாவுவது தாமதம், ஓரக்குறிப்பு எழுதுவது சிரமம் என்று மாணவர்கள் குறைப்பட்டார்கள். பெரிய திரை மட்டும் இருந்தால் போதாது, பாடநூலைப் புரட்டும் விதத்துக்குக் கருவி ஈடுகொடுக்கவும் வேண்டும் என்பது அப்போது தெரிந்தது. பேனா வந்தபின், குறிப்பாக 2017இல் ரீமார்க்கபிள் வெளியானபின், பெரிய கருவிகள் குறிப்பேடாகத் தமக்கென ஒரு சந்தையைப் பிடித்தன.

நிறுவனத்தின் ஆயுளும் கருவியின் ஆயுளோடு சேர்ந்ததே. சோனி வட அமெரிக்காவில் தன் மின்னூல் கடையை 2014இல் மூடி வாடிக்கையாளரைக் கோபோவிடம் ஒப்படைத்தது. அமேசான் 2025 பெப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியை நிறுத்தியது. இணைய இணைப்பு சீராக இல்லாத தோட்டப் பகுதிகளில் இது சிறிய இழப்பல்ல. இலங்கைக்கென்று அமேசான் தளம் இல்லாததால், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவிக்கு உத்தரவாதமும் பெயரளவில்தான். கம்பி வழியே எந்தக் கோப்பையும் ஏற்கும், மூன்றாமவர் செயலியை நிறுவ இடம்தரும் கருவியே இங்கே நீண்டகாலத்துக்கு உதவும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், தோட்டத்து வீட்டில் ஒருவரே வைத்து வாசிப்பதற்கும் பயணத்துக்கும் 6 அல்லது 7 அங்குல நீர்காப்புக் கருவி, கெட்டி மூடியுள்ள உறையோடு வாங்குவது சரி. நூலகம் தளத்தின் கோப்புகளையே அதிகம் வாசிப்பவர் 7.8 அல்லது 8 அங்குலத்துக்குப் போகலாம். பழைய போர்மா நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. 10 அங்குலமும் அதற்கு மேலும் பாடசாலை நூலகத்துக்கும் ஆசிரியர் அறைக்கும் உரியவை. அங்கேயும் மேசையை விட்டு வெளியே கொடுப்பதாக இருந்தால் பிளாஸ்ரிக் அடித்தகடு உள்ளதைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது. அந்த விவரம் பெட்டியின் மேல் அச்சிடப்படுவதில்லை. விற்பவரிடம் திரையின் பெயரைக் கேட்டு, அது மோபியஸ் வகையா கண்ணாடி வகையா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.